வாசியில்லாக் காசு



திருவீழிமிழலையிலே திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரும் திருநாவுக்கரசு நாயனாரும் எழுந்தருளியிருந்த காலத்தில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது என்றும், அடியார்கள் பசியால் வருந்தாவண்ணம் வீழிநாதர் நாடோறும் அவ்விருவருக்கும் ஒவ்வொரு காசைப் பீடத்தின்மேல் வைத்தருளினார் என்றும், அக்காசைக்கொண்டு இருவர் திருமடங்களிலும் இருபொழுதும் பறைசாற்றி அடியாரெல்லாரையும் அழைத்து அமுது செய்வித்தார்கள் என்றும் பெரியபுராணத்திற் கேட்டிருக்கின்றீர்கள். கேட்டவர்களிற் பலர் இதனை அற்புதம் என்று கைகூப்பி, அவ்வளவில் எழுந்து போய்விடுகின்றார்கள். சேக்கிழார் சுவாமிகளோ அற்புதத்தோடு நின்றாரல்லர். அதன்மேல் ஒரு கடைத்தெருக் கணக்கையும் வைத்தார். அப்பமூர்த்திகளுடைய மடத்திலே அடியார்கள் காலத்தோடு அமுது செய்ய, பிள்ளையாருடைய மடத்திலே அமுது தாழ்த்தது. பிள்ளையார் காரணம் வினாவினார். அரசுகள் பெறுங் காசை வணிகர் குறைவின்றி ஏற்று உடனே பண்டந் தருகின்றார்கள் என்றும், நம்முடைய காசுக்கு வாசி கேட்கின்றார்கள் என்றும், அதனாலே காலம் தாழ்க்கின்றது என்றும் தொண்டர்கள் விண்ணப்பஞ் செய்தார்கள். பிள்ளையார் மறுநாட் சந்நிதியிற் சென்று, தமக்கும் வாசியில்லாத காசே வேண்டுமென்று பாடிப் பெற்றார்.

வாசி என்பது நாணயம் மாற்றும்போது கழிக்கும் வட்டம். காசு கொடுத்தவர் இறைவர், வாங்கினவர் ஆளுடைய பிள்ளையார், உண்பவர் அடியார். இம்மூவரிடத்துங் குறை சொல்ல ஒன்றில்லை. ஆயினுங் காசுக்குஞ் சோற்றுக்கும் நடுவே ஒரு வட்டக்காரன் நின்றான். அவன் நின்ற அளவுக்கு இலை தாழ்த்தது. பசித்தவனுக்கு அத்தாழ்வே பஞ்சம். உலகத்தாருடைய கண்ணுக்கு எட்டாமலே நடக்கும் பெருந்துன்பங்களுக்குத் தருமம் எவ்வாறு சென்று சேரவேண்டும் என்று ஆராய்வதற்கு, இந்த வாசி என்னும் ஒரு சொல்லையே துணையாகக் கொள்ளுவோம்.

காசு புறப்படுமுன்னரே ஒரு வாசி கழிகின்றது. அது கண்ணிலே கழிவது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26ஆந் தேதி கடல் பொங்கி நமது கீழ்கரையையும் வடகரையையும் தென்கரையையும் அழித்தபொழுது, உலகம் முழுவதும் அதனைத் தொலைக்காட்சியிற் கண்டது. கண்டவர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். எல்லைகளற்ற வைத்தியர்கள் என்னும் சங்கத்தார், கடற்கோளுக்கென வந்த பொருள் தங்கள் வேலைக்குப் போதும், இனி அதற்கென அனுப்பவேண்டாம் என்று சில நாட்களுள்ளே அறிவித்தார்கள். வந்ததில் எஞ்சியதை வேறிடத்துத் துன்பங்களுக்குச் செலவிட உத்தரவுங் கேட்டார்கள். அறஞ்செய்வார் சரித்திரத்திலே போதும் என்று சொன்னவர் மிகச் சிலர். ஆதலால் இச்செய்தி நினைவில் வைக்கத்தக்கது. அதே மாதத்திலே ஆபிரிக்காவிற் சூடான் தேசத்து மேற்குப் பாகமாகிய டார்பூரிலே 15 இலட்சத்துக்கு மேற்பட்டோர் யுத்தத்தால் வீடிழந்து மணல்வெளியிலே கிடந்தார்கள். அவர்களுடைய துன்பம் அலைபோல ஒருநாளில் எழுந்ததன்று. ஆகையாற் படம்பிடிப்பார் அவ்வளவாக இல்லை. நமக்கு வந்த பொதிகளைப்பற்றியும் ஒரு வார்த்தை: வெயில் எரிக்கும் நமது கரைக்குக் குளிர்நாட்டுக் கம்பளிச் சட்டைகள் வந்து குவிந்தன. அனுப்பினவர் உள்ளம் நல்ல உள்ளமே; கண்மாத்திரம் தம் வீட்டுப் பெட்டகத்தைப் பார்த்ததன்றி நம்மைப் பார்த்ததில்லை.

இதனை அளந்து பார்த்தவர்களும் உளர். ஐசென்சே, இசுற்றோம்பேர்க் என்னும் பொருளியலறிஞர் இருவர், 1968 முதல் 2002 வரை உலகில் நிகழ்ந்த ஏறக்குறைய 5,000 அனர்த்தங்களையும், அவற்றை அமெரிக்கத் தொலைக்காட்சிகள் காட்டிய அளவையும் ஒப்பிட்டு 2007ஆம் ஆண்டிலே ஓர் ஆராய்ச்சி வெளியிட்டனர். எரிமலையால் ஒருவர் இறந்தால் அச்செய்தி பெறும் இடத்தை, உணவுப்பஞ்சச் செய்தி பெறவேண்டுமாயின் ஏறக்குறைய 39,000 பேர் இறக்கவேண்டும் என்பது அவர்கள் கண்ட கணக்கு. ஒலிம்பிக்கு விளையாட்டு நடக்கும் நாட்களிலே வந்த அனர்த்தம் செய்தியிலும் இடம் இழந்தது, உதவியிலும் இழந்தது. பசித்தவன் செய்த பாவம், விளையாட்டு நாளிலே பசித்தது! எரிமலை முழங்கும், பசிக்கு ஓசை இல்லை. கல்கத்தா வீதிகளிலே 1943ஆம் ஆண்டு மக்கள் வீழ்ந்து இறந்துகொண்டிருக்க, பஞ்சம் என்ற சொல்லையே அரசாங்கத்தார் கூசினார்கள். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 22ஆந் தேதி ஸ்டேற்ஸ்மன் பத்திரிகை அவ்வுடல்களின் படங்களை அச்சிட்ட பின்னரே, அதனை மறைக்க இயலாதென்பது ஆள்வோர்க்கு விளங்கிற்று.

அடுத்தது காலத்தில் கழியும் வாசி. இக்காலத்திலே பஞ்சம் என்று ஒரு நாட்டைப்பற்றிச் சொல்லுதற்கு இலக்கணம் வகுத்திருக்கின்றார்கள். நூறு குடும்பங்களில் இருபது உணவின்றிக் கிடக்கவேண்டும். நூறு குழந்தைகளில் முப்பது உடல்மெலிந்து நலியவேண்டும். பதினாயிரம் பேரில் நாளொன்றுக்கு இருவர் இறக்கவேண்டும். இம்மூன்றும் பொருந்தினாலே குழுவினர் கூடிப் பஞ்சம் என்று உரைப்பார்கள். இவ்விலக்கணத்தை நாம் பழிக்கவில்லை, அளவுகோல் வேண்டுவதே. ஆனால் அளவுகோலைத் தொட்டபின்னர்த்தான் உலை வைப்பது என்றால், அது வைத்தியன் நாடி விழுந்தபின் மருந்தரைப்பதனை ஒக்கும். சோமாலியாவிலே 2010 ஒக்டோபர் முதல் 2012 ஏப்பிரல் வரை ஏறக்குறைய 2,58,000 பேர் பசியினாலும் அதனைச் சார்ந்த நோய்களாலும் இறந்தனர் என்று பின்னர்க் கணக்கிட்டார்கள். பஞ்சம் என்ற அறிவிப்பு வந்தது 2011 யூலையில். இறந்தவருட் பாதிப்பேர் அவ்வறிவிப்புக்கு முன்னரே இறந்துபோயினர்.

கடற்கோள் மாதத்திலே நாம் சுட்டிய அந்த டார்பூரிலே இருபது வருடத்தின்பின் இக்கதை மீண்டது. எல் பாசர் நகரின் அருகே சம்சம் என்னும் அகதிகள் முகாமிலே இரண்டு மணிக்கு ஒரு குழந்தையாவது இறக்கின்றது என்று முன்சொன்ன வைத்தியர்கள் 2024 பெப்ருவரியிலே கூவினார்கள். அங்கே பஞ்சம் என்று குழுவினர் உரைத்தது ஆகஸ்டு மாதம் முதலாந் தேதி. நடுவில் நின்ற மாதங்கள் ஆறு. இரண்டு மணிக்கு ஒன்றாக ஆறு மாதத்துக்கு எத்தனை என்று, என்னிடத்துப் படித்த பிள்ளைகள் யாராயினும் சிலேட்டுப்பலகையிற் போட்டுக் காட்டுவார்கள்.

சூடானிலே நிகழ்ந்ததனைச் சிறிது விரித்துச் சொல்லுதல் வேண்டும். 2023ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 15ஆந் தேதி, தலைநகராகிய கார்ட்டூமிலே, அரச இராணுவத்துக்கும் விரைவு உதவிப்படை எனப்படும் மற்றொரு படைக்கும் யுத்தம் மூண்டது. இரு படைத்தலைவர்களும் 2021ஆம் ஆண்டிலே கைகோத்து ஆட்சியைப் பறித்தவர்களே. பறித்ததைப் பகிர்வதிற் பகைத்தார்கள். இரண்டு ஆண்டுக்குள் ஒரு கோடியே 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வீடுவிட்டு ஓடினர். 2024 டிசம்பரிலே, சனத்தொகையில் ஏறக்குறைய அரைவாசியாகிய 2 கோடியே 46 இலட்சம் பேர் கடும்பசிக்கு ஆளானவர் என்று கணித்தார்கள். இது வானம் பொய்த்ததால் வந்த பஞ்சமன்று. நீல நைல், வெள்ளை நைல் என்னும் இரண்டு நதிகளுக்கும் இடைப்பட்ட கெசிரா நிலம் 1925ஆம் ஆண்டுதொட்டுப் பெருவாய்க்கால்களாற் பாசனம் பெறுவது, அத்தேசத்தின் களஞ்சியம். அதன் நகராகிய வாட் மதனியை 2023 டிசம்பரிலே யுத்தம் சென்று பற்றிற்று, உழவர் ஓடினர், சேமித்த தானியமும் இயந்திரங்களும் கொள்ளைபோயின. இளையான்குடிமாற நாயனார் நள்ளிரவிலே வந்த அடியார்பொருட்டு, அன்று விதைத்த முளைநெல்லை மழையிருளிலே சென்று வாரிக்கொண்டு வந்தார். அது அன்பினாற் செய்த அருஞ்செயல். விதையைப் பிறர் ஆயுதங்காட்டிப் பறித்துக்கொள்ள, பருவம் கடப்பதைக் கண்டுகொண்டே ஓடும் உழவனுடைய நிலையை எந்த நாயனார் சரித்திரத்தோடு ஒப்பிடுவது?

எல் பாசர் நகரம் 2024 மே மாதந்தொட்டு முற்றுகையிற் கிடந்து, 2025 ஒக்டோபர் 26ஆந் தேதி வீழ்ந்தது. ஐந்நூறு நாளுக்கு மேல் அங்கே அகப்பட்டிருந்தவர் இறுதியில் உண்டது அம்பாஸ் என்பது. அஃதாவது, நிலக்கடலையை எண்ணெய்க்கு ஆட்டியபின் எஞ்சும் பிண்ணாக்கு. நம்முடைய வீடுகளிலே மாட்டுத்தொட்டியிற் கரைப்பது எதுவோ அதுவே. பின்னர் அதுவுங் கிடைத்தற்கரிதாயிற்று.

இனி அங்கே இருந்த அடுப்புக்களைப்பற்றிச் சொல்லுகின்றேம். யுத்தம் மூண்டவுடன் பெரிய சங்கங்களின் உத்தியோகத்தர் பெரும்பாலார் கார்ட்டூமை விட்டு நீங்கினார்கள். நீங்காது நின்றவர் அவ்வவ் வீதியிற் பிறந்து வளர்ந்த இளைஞரும் பெண்களும். அவர்கள் அவசர உதவி அறைகள் என்று பெயரிட்டு, வீதிதோறுங் கூடி, பெரிய கிடாரங்களிலே பருப்பையும் அவரையையும் வேகவைத்தார்கள். இறுங்குமாவிற் களி கிண்டினார்கள். அத்தேசத்தாருக்கு நபீர் என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. அறுவடைக்கு ஆள் வேண்டினும் வெள்ளத்துக்கு அணை வேண்டினும், அழைத்தவுடன் ஊரார் கூலியின்றித் திரண்டு வருதல். சூபி ஞானிகளின் மடங்களிலே வழிப்போக்கருக்கும் வறியவருக்கும் உணவளிக்கும் தகாயா என்னும் அறமும் உண்டு. நமது மடங்களும் மகேசுரபூசையும் எவையோ, அவர்களுக்கு அவை. யுத்தகாலத்திலே அவ்விரண்டு பழைய அறங்களே அவ்வறைகளாகவும் அடுப்புக்களாகவும் எழுந்தன. இரு படையினருங் கிடாரத்தருகே நின்றவர்களைப் பகைவரின் ஒற்றர் என்று பிடித்தார்கள், சிலரைக் கொன்றார்கள். கிடாரம் நிற்கவில்லை.

அக்கிடாரத்துக்குக் காசு எவ்வாறு சென்றது? வேற்றுநாட்டிலிருந்த உறவினர் கைத்தொலைபேசியாலே கார்ட்டூம் வங்கிக் கணக்குக்கு அனுப்பினார்கள். தொலைபேசியிலே காசு வந்து நின்றது. சந்தையிலோ நாணயமாகக் கேட்டார்கள். நாணயம் அரிதாயிருந்தமையால், தொலைபேசிக் காசை நாணயமாக மாற்றித் தருபவன் நூற்றுக்குப் பத்தும் இருபதும் அதற்கு மேலும் கழித்துக்கொண்டான். அன்பர்காள், இது அப்படியே திருவீழிமிழலைக் கடைத்தெரு அன்றோ? சேக்கிழார் சுவாமிகள் தொள்ளாயிரம் வருடத்துக்குக் கிட்ட முன்னர் எழுதிவைத்த வாசி, நைல் நதிக்கரையிலே பருப்புக் கிடாரத்தின் ஓரத்தில் வந்து நின்றது!

அந்த வட்டக்காரனை நாம் வைது பயனில்லை. அவனிலும் பெரிய வட்டங்கள் அதற்கு முன்னே கழிந்துவிடுகின்றன. தேசங்கள் கொடுக்கும் பொருள் ஒரு பெருஞ்சங்கத்துக்குச் சென்று, அதிலிருந்து மற்றொன்றுக்குச் சென்று, ஒவ்வோரிடத்தும் எழுத்தருக்கும் வாடகைக்கும் வாகனத்துக்கும் காவலுக்கும் கழிந்து, கடைசியில் எஞ்சியது கிடாரத்துக்கு வருகின்றது. இதனை அவர்களும் அறிவார்கள். 2016ஆம் ஆண்டு இசுத்தான்புல் மாநாட்டிலே கூடிய அரசாங்கத்தாரும் பெருஞ்சங்கத்தாரும், 2020ஆம் ஆண்டுக்குள் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கை அவ்வவ்விடத்து மக்களிடமே இயன்றளவு நேராகக் கொடுப்போம் என்று கையொப்பமிட்டார்கள். அத்தவணை கடந்தது, அவ்வளவை எட்டினாரில்லை. சூடானுக்கென 2025ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையார் ஏறக்குறைய 420 கோடி அமெரிக்க டொலர் வேண்டினர். அதிற் பாதியும் வந்ததில்லை.

அவ்வாண்டு சனவரியிலே அமெரிக்க அரசாங்கத்தார் அந்நியதேச உதவியை ஒரே உத்தரவினால் நிறுத்திவைத்தனர். அப்பொருளை நம்பி எரிந்த அடுப்புக்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டவை சில நாட்களில் அணைந்தன என்று அவ்வறைகளைச் சேர்ந்தவர்கள் அறிவித்தார்கள். ஒருவன் கையையே நம்பியிருக்கும் தருமம் அவன் கை மடங்கியபோது என்னாகும் என்பதற்கு வேறு உதாரணம் தேடவேண்டுவதில்லை. அவ்வருடத்திலேதான் நோர்வே தேசத்து ராப்ரோ பரிசும், சுவீடன் தேசத்திலிருந்து வழங்கும் நல்வாழ்வுரிமைப் பரிசும் அவ்வறைகளுக்குக் கிடைத்தன. நல்லதே. ஆயினும் பரிசை உலையிலிட்டு வடிக்க இயலாது.

அப்பமூர்த்திகளுடைய காசுக்கு மாத்திரம் வாசி இல்லாதிருந்தது ஏன்? பிள்ளையாரே அதற்குக் காரணங் கண்டார். அரசுகள் உழவாரப்படை ஏந்தித் திருவீதியிற் புல்லைச் செதுக்கும் கைத்தொண்டு செய்கின்றவர். அதனால் அவர் பெறுவது வாசியில்லாக் காசு என்பது. பிள்ளையாருக்கு இதனாற் குறைவு கற்பித்தல் நம் கருத்தன்று. அவர் இறைவருடைய புத்திரராதலால் அவருக்கு அளித்த முறை வேறென்று பெரியோர் சொல்லுவர். நாம் எடுத்துக்கொள்வது ஒன்றே. கைத்தொண்டு நடக்கும் இடத்துக்கு நேரே செல்லுங் காசு வாசிப்படாது. ஆகையாற் காணப்படாத துன்பத்துக்குக் கொடுக்க விரும்புவோன் முதலிற் கேட்கவேண்டிய வினா, அங்கே உலை வைத்திருப்பவர் யார் என்பதே. உலை ஏறாத இடம் பூமியில் இல்லை. எவ்வளவு மறைந்த மூலையிலும் யாரோ ஒருத்தி தன் வீட்டு அரிசியிற் பிடியரிசி எடுத்து அயல்வீட்டுக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருப்பாள். நம்முடைய காசு அவளிடஞ் சேரவேண்டும். அவளை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒரு பந்தர் போட்டு நமது பெயரெழுதிய பலகை நாட்டுவதற்கு அன்று.

இதற்கு நம்மவர் சொல்லும் ஆட்சேபங்களை நாம் அறிவோம். சூடான் எங்கே, நாம் எங்கே. நம் ஊரிலேயே விதவைகளும் அனாதைகளும் இருக்கின்றார்களே. 2022ஆம் ஆண்டிலே மருந்துக்கும் எண்ணெய்க்கும் நாமே வீதியில் வரிசையாக நின்றோமே என்பது ஒன்று. மெய்தான். ஊரிலுள்ள பசியை விட்டுத் தூரத்துப் பசிக்கு ஓடுக என்று எவருஞ் சொல்லார். ஆனால் இவ்வாட்சேபத்தைச் சொல்லுகின்றவர்களுள், ஊரிலுள்ள விதவைக்கு என்ன கொடுத்தீர் என்று கேட்டால் விடை சொல்லுவார் சிலரே. ஊர்ப்பசியைத் தீர்க்கின்றவர்களோ தூரத்துப் பசிக்கும் முதலிற் கைநீட்டுகின்றார்கள். இதனைப் பலகாலும் பார்த்திருக்கின்றேம்.

மேலும், காணப்படாதிருத்தல் என்பது இன்னதென்று பிறருக்கு விளக்கவேண்டியிருக்கலாம், நமக்கு வேண்டுவதில்லை. 2008ஆம் ஆண்டு செப்டெம்பரிலே ஐக்கிய நாடுகளின் உத்தியோகத்தர் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டபொழுது, அவர்கள் வாயிலிலே கூடி நின்று போகாதேயுங்கள் என்று வேண்டினவர் நம்மவர். அதன்பின் வன்னியிலே நடந்தவற்றைக் காணுதற்கு வெளியார் கண் இல்லாமற்போயிற்று. 2012 நவம்பரிலே அச்சபையார் தம்முள் ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையிலே, தங்கள் கடமையிலே தவறினோம் என்று எழுதினார்கள். வருடந்தோறும் மே மாதத்திலே முள்ளிவாய்க்காற் கஞ்சி என்று உப்பிட்ட அரிசிக்கஞ்சியை வீதியில் வைத்து வார்க்கின்றோமே, அது எதன் நினைவு? கடைசி நாட்களில் அவ்விடத்தும் யாரோ கிடாரம் வைத்து அரிசியையும் நீரையும் காய்ச்சி வரிசையில் நின்றவர்க்கு வார்த்தார்கள் என்பதன் நினைவன்றோ. அக்கஞ்சியைக் கையில் வாங்குகின்ற நாம், எல் பாசர் நகரத்துப் பிண்ணாக்கைக் கேட்டு, அது தூரம் என்று சொல்லுவது எவ்வாறு?

மற்றோர் ஆட்சேபம், அவர்கள் வேற்றுச் சமயத்தார் என்பது. அடியேன் பாதிரிமார் பாடசாலையிற் படித்தவன். காயப்பட்டு வழியிற் கிடந்தவனைச் சொந்தச் சாதியார் விலகிப்போக, வேற்றினத்தானாகிய சமாரியன் எடுத்துக் காப்பாற்றிய கதையை அங்கே பரீட்சைக்கு மனனஞ் செய்வித்தார்கள். நல்ல கதை, ஒருபோதும் மறந்ததில்லை. கஞ்சிச் சிரட்டையோடு ஞானஸ்நானத்தையும் சேர்த்து நீட்டினவர்களும் நமது தேசத்தில் இருந்தார்கள் என்பதனை மறக்கவில்லை. நாம் கொடுக்குங் கஞ்சியில் அத்தகைய சேர்ப்பு ஒன்றும் வேண்டாம். திருமூல நாயனார் ஒரு கைப்பிடி சோற்றை யாவருக்குமென்று விதித்தார். விதிக்கும்பொழுது உண்பவருடைய நெற்றியைப் பார்த்துக் கொடுங்கள் என்றாரில்லை. தகாயா மடத்துக் கிடாரத்திலே நமது பருப்பு வேகுமாயின் வீழிநாதருக்கு அதில் என்ன குறை?

மூன்றாவது, களவு. இது பாரமான ஆட்சேபம். இதனை எள்ளி விடுதல் தகாது. யுத்தம் நடக்குமிடத்துக்குப் பொருள் அனுப்பினால் அது ஆயுதம் வைத்திருப்பவன் மடியிற் சேராதென்பது என்ன நிச்சயம்? நிச்சயமில்லை. நிறைந்த கணக்குக் கேட்டால் என்னாகும் என்பதையும் அதனோடு வைத்து நிறுக்கவேண்டும். முற்றுகையிலுள்ள பெண்ணொருத்தியிடம் நாற்பது பக்கப் பத்திரத்தை ஆங்கிலத்தில் நிரப்பி, மூன்று கடையில் விலைகேட்டு எழுதி, முத்திரைபெற்ற பற்றுச்சீட்டுடன் அனுப்புக என்றால், அவள் பத்திரம் எழுதுவாளா, களி கிண்டுவாளா? கணக்கு வேண்டும், சுருங்கிய கணக்கு வேண்டும். அவ்வறைகளிலுள்ளார் வாங்கிய மூடையையும் கடைச்சீட்டையும் கிடாரத்தையும் படம்பிடித்து அனுப்பினார்கள். அதற்குமேல் அவர்களுக்கு ஒரு கணக்கர் உண்டு. அக்கிடாரத்தின்முன் நிற்கும் அயலார். அரிசி குறைந்தால் முதலிற் கேட்பவன் அவனே. தூரத்துப் பரிசோதகன் அல்லன். கண்ணெதிரே பருப்பு நீர்த்தாற் பிள்ளை அழும். அவ்வழுகையிலும் செவ்விய கணக்குப் பரிசோதனை எங்கே உண்டு? சிறிது களவுபோகும். பெருஞ்சங்கங்களின் பெரிய கணக்குகளிலும் அது போகின்றது. ஆனால் அங்கே அதற்கு வேறு பெயர்கள் இருக்கின்றன.

கொடுப்போன் செய்யத்தக்கது கொடுத்தல் மாத்திரமன்று. நாவலரவர்கள் 1877ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலே பஞ்சமும் பேதியும் வந்தபோது கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார்கள். அதனோடு அமைந்திராது, அதிகாரிகளுடைய அசட்டையை எழுதியுங் காட்டினார்கள். கஞ்சி வார்த்த கையே எழுதுகோலையும் எடுத்தது. காணப்படாத துன்பத்துக்குச் சோறும் வேண்டும், சாட்சியும் வேண்டும். நமது பத்திரிகைகளிலே நடிகர் திருமணத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. சூடானுக்கு ஒருமூலையில் நான்கு வரி. அந்த நான்கு வரி எட்டாகும்படி ஆசிரியர்க்கு ஒரு கடிதம் எழுதுவதும் தருமமே. அதற்கு முத்திரைச் செலவுமில்லை. நோர்வே அகதிகள் சங்கத்தார், எந்தத் தேசத்தார் செய்தியிலும் அரசாங்கத்தார் கவனத்திலும் பொருளுதவியிலும் மிகக் கைவிடப்பட்டார்கள் என்று வருடந்தோறும் ஒரு வரிசை வெளியிடுகின்றார்கள். 2022ஆம், 2023ஆம் ஆண்டுகளுக்குப் புர்கினா பாசோவும், 2024ஆம் ஆண்டுக்குக் கமரூனும் அதிலே முதலாவதாக நின்றன. அப்பெயர்களை நம்முட் பலர் புவியியற் புத்தகத்தில் மாத்திரம் வாசித்திருப்பார்கள். எங்கே பறை சாற்றவில்லையோ அவ்விடத்தை அறிதற்கு அவ்வரிசை உதவும்.

கோவில் தருமகர்த்தாக்களிடம் ஒரு விண்ணப்பம். வருடோற்சவத்திலே வாணவேடிக்கைக்கும் ஒலிபெருக்கிக்கும் செல்லுந் தொகையை நாம் இப்போது கண்டிக்கப் புகவில்லை. அதற்கு வேறொருநாள் உண்டு. மகேசுரபூசைக் கணக்கிலே மாத்திரம் ஒரு மாறுதல் செய்யலாம். நூறு இலை போடும் அன்று நூற்றோராவது இலையொன்று போட்டதாகக் கொண்டு, அதன் செலவை நாணயமாக எடுத்து வேறு பெட்டியில் இடுக. வணிகரும் முன்னாளிலே மகமை என்று விற்பனையில் ஒரு சிறுபங்கு எடுத்துவைத்த வழக்கத்தைப் புதுப்பிக்கலாம். தொகை சிறிதாயிருப்பதனாற் குறைவில்லை; நாள் தவறாதிருப்பது பெரிது. ஒருநாள் ஆயிரம் இலைக்கு வந்து மறுமாதம் நின்றுபோகுங் காசைப் பார்க்கிலும், மாதந்தோறும் வருமென்று தெரிந்த சிறுகாசு கிடாரக்காரிக்கு உதவும். அதனை நம்பி அவள் அடுத்த மாதத்துப் பருப்பைக் கடனாகவும் வாங்கலாம்.

பண்டமாக அனுப்பவேண்டாம், கம்பளிச் சட்டைகளை நினைத்துக்கொள்க. காசாகவே கொடுக்க. நாம் நேரே அறியாத தேசத்துக்கு நாமே ஆளனுப்புதல் இயலாதாகையால், இடையில் ஒரு சங்கத்தை நம்பித்தான் ஆகவேண்டும். நம்புமுன் அச்சங்கத்தாரிடம் இரண்டு கேட்க: நூறு ரூபாவில் எத்தனை ரூபா அவ்வூர்க் கைகளிற் சேருகின்றது, எத்தனை நாளிற் சேருகின்றது. விடை சொல்லத் தயங்குவாராயின் வேறு சங்கம் பார்க்க. குறிப்பிட்டதொரு நாட்டுக்கென்று கட்டிக்கொடாமல், துன்பம் மிகுந்து கண் குறைந்த இடத்துக்குச் செலவிடுக என்று கொடுப்பது இன்னும் நன்று. ஐக்கிய நாடுகளின் மத்திய அவசர நிதியிலே 2006ஆம் ஆண்டு அந்நிதி தொடங்கியதுமுதல், பொருள் வந்து சேராத அனர்த்தங்களுக்கென்றே ஒரு பங்கு ஒதுக்கப்படுகின்றது. முறை அறிந்தவர் செய்வது அது.

இச்சபையின் தனாதிகாரியவர்கள் அந்த நூற்றோராவது இலைக்கென ஒரு கொப்பி தொடங்க இசைந்திருக்கின்றார்கள். அதிலே கொடுத்தவர் பெயர் எழுதப்படாது. மூன்று பத்தி மாத்திரம் இருக்கும்: காசு பெட்டியில் விழுந்த தேதி, நமது கையை விட்டுப் புறப்பட்ட தேதி, கிடாரத்தைச் சேர்ந்ததாக அறிந்த தேதி. மாதந்தோறும் பூரணைக் கூட்டத்திலே அம்மூன்றும் உரக்க வாசிக்கப்படும். நடுவில் எத்தனை நாள் தாழ்த்தது என்று கேட்பதற்கு வந்திருப்போரில் யாருக்கும் உரிமை உண்டு.